விளக்குமாறு இறங்கிய சனிக்கிழமை

எங்கள் தெருவில் ஒரு விளக்குமாறு சொன்னால்தான் ஆட்கள் சாப்பிட வருவார்கள். இதை நான் முதலில் நம்பவில்லை. ஜெர்மனியில் முதலில் ஹம் நகரத்தில் இருந்த காலத்தில் தொழிற்சாலை, ரயில், கடை என்று ஓடித் திரிந்தவள் நான். ஜெர்மன்காரர் என்றால் எதற்கும் ஒரு பலகை எழுதி மாட்டுகிறவர்கள் என்பதுதான் என் நினைப்பு. முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்து, தெற்கே நெக்கார் ஆற்றங்கரையில் இருக்கும் இந்தச் சின்ன ஊருக்கு வந்த பிறகுதான், ஒரு ஊர் முழுவதும் ஒரு விளக்குமாற்றுக்குக் கட்டுப்பட்டு நடப்பதைக் கண்டேன்.

நானும் என் கணவரும் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். அவர் லொறி ஓட்டுகிறார். வீட்டில் இருக்கும் நாட்களை விட ரோட்டில் இருக்கும் நாட்கள்தான் அதிகம். கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும். இருவருக்கும் எழுபது நெருங்குகிறது. தலைமுறை தலைமுறையாக வைன் செய்கிற குடும்பம். இப்படிப்பட்ட குடும்பங்கள் வருடத்தில் சில வாரங்களுக்கு மட்டும் தங்கள் வீட்டையே சாப்பாட்டுக் கடையாக்கிக்கொள்ள இங்கே அனுமதி உண்டு. சோபாவையும் டிவியையும் படுக்கையறைக்குள் தள்ளிவிட்டு வரவேற்பறையில் மேசைகளையும் உட்கார நீள வாங்குகளையும் போடுவார்கள். சொந்தத் தோட்டத்து வைன் மட்டும்தான் ஊற்றலாம். சாப்பாடு வீட்டுச் சமையல். கடை திறந்திருக்கிறது என்பதற்கு ஒரே அடையாளம், கேற்றுத் தூணில் நிறநிறமான ரிபன் கட்டித் தொங்கவிட்ட ஒரு குச்சி விளக்குமாறு. அது தொங்கினால் யாரும் உள்ளே வரலாம், யார் பக்கத்தில் இடம் இருக்கிறதோ அங்கே நெருக்கி உட்காரலாம். தொங்காவிட்டால் அது இன்னொருவர் வீடு. அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் மாசியிலும் பங்குனியிலும் திறப்பார்கள். அந்த வாரங்களில் வேலை முடிந்து வந்து நானும் கீழே சமையலுக்கு இறங்கிவிடுவேன். கேட்டு இறங்கவில்லை. முதல் வருடம் படிக்கட்டால் ஏறி வந்த வாசனைதான் இழுத்துக்கொண்டு போனது. மரப்பீப்பாயில் புளிக்கவைத்த முட்டைக்கோவா, வெங்காயம் வதக்கிய நெய், அடுப்பில் கொதிக்கும் இறைச்சிச் சாறு. உருளைக்கிழங்கு ஆற்றோரத்து அவர்களுடைய வயலில் விளைந்தது. கோவாவும் வெங்காயமும் அதற்கு அடுத்த பாத்தி. வீட்டுக்கார அம்மா மாவைப் பிழிகிற உரலைப் பார்த்து நான் வாயைப் பிளந்துவிட்டேன். எங்கள் இடியப்ப உரலுக்கு அண்ணன் மாதிரி இருந்தது. கொதிதண்ணீருக்குள் பிழிந்து, மிதந்து வரும்போது அள்ளி, மேலே பருப்பை ஊற்றித் தருவார். பருப்பும் பிழிந்த மாவும். இதைச் சாப்பிடவா நான் இவ்வளவு தூரம் அகதியாக வந்தேன் என்று அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மூன்றாம் வாய்க்குப் பிறகு சிரிக்கவில்லை, பேசாமல் சாப்பிட்டேன்.

வைன் மட்டும் எனக்குப் பழக நாள் எடுத்தது. குடி என்றால் முகம் சுளிக்கிற வீட்டில் வளர்ந்தவள். அந்த முகச்சுளிப்பை மாற்றியது போத்தல் அல்ல, மலை.

ஆற்றின் எதிர்க்கரையில் செங்குத்தாக நிற்கிற சரிவு அது. அதைப் படி படியாக, அடுக்கடுக்காக வெட்டி, ஒவ்வொரு படிக்கும் சாந்தே இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கி மதில் கட்டி, மதிலுக்கு மேல் ஒரு வரிசை, இரண்டு வரிசை என்று திராட்சை நட்டிருக்கிறார்கள். மெஷின் ஏறாது. எல்லாம் கையும் காலும்தான். பலத்த மழை பெய்தால் எங்கேயாவது ஒரு மதில் சரியும். வீட்டுக்காரர் கீழே உருண்ட கற்களைத் தோளில் சுமந்து ஏறி, பழையபடி அடுக்குவார். முதல் வருட அறுவடைக்கு நானும் ஏறினேன். பாதியில் நின்று கீழே பார்த்தேன். பக்கத்து மதிலை எட்டிப் பிடித்தேன். என் கை பிடித்திருந்த கல்லை எந்தக் காலத்தில் எவர் அங்கே வைத்தாரோ தெரியாது. ஆனால் அது அசையவில்லை. எனக்கு அந்த இடத்தில் கும்பிட வேண்டும் போல இருந்தது. வெட்கத்தை விட்டுக் கும்பிட்டும்விட்டேன்.

அன்றைக்குப் பிறகு அந்த மலையின் வைனைக் குடிக்காதவர்களைத்தான் நான் முகம் சுளித்துப் பார்க்கிறேன். சுப்பர்மார்க்கெட்டில் மலிவாக வேறு நாட்டு வைன் கிடைக்கும், வாங்கலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் இந்த மலையின் வைனை இந்த ஊர் குடிக்காவிட்டால் இந்த மலை முள்ளுப்பற்றைதான். இது எனக்கு யாரும் சொல்லித் தந்த கொள்கை அல்ல. கண்ணால் பார்த்தால் விளங்குகிற விஷயம்.

நான் சொல்ல வந்த வருடம், தை மாதக் கடைசியில் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்தது. பெரிய ஒப்பரேஷன். திராட்சைக் கொடிகளை மொட்டு விடுவதற்கு முன்னால் வெட்டிவிட வேண்டும். பழைய கிளைகளை எல்லாம் கழித்து ஒன்றோ இரண்டோ விட்டால்தான் அந்த வருடம் காய்க்கும். ஆற்றோரச் சமதரையில் இருந்த கொடிகளை அந்த அம்மா சம்பளத்துக்கு ஆள் பிடித்து வெட்டுவித்தார். மலைக்கு ஏற ஒருவரும் கிடைக்கவில்லை. அப்படியே விட்டுவிடவும் ஏலாது. கவனிக்காத கொடியில் நோய் பிடித்து அயல் தோட்டங்களுக்கும் பரவும். பிடுங்கிவிடுவதுதான் வழி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே வீட்டுக்காரர் முடிவெடுத்தார். கடை மூடுகிற வாரத்துக்கு அடுத்த வாரம் பிடுங்குகிறவர்கள் வருவதாக ஏற்பாடு.

அந்த அம்மா இதை என்னிடம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னார். அவர் பேசுவது இந்தப் பக்கத்துச் சுவேபிய ஜெர்மன். ஆனால் என் நினைவில் அவர் எப்போதும் எங்கள் பேச்சில்தான் பேசுகிறார்.

"அவருக்கு இனி ஏலாது. நானும் ஏற மாட்டன். ஊரைக் கேக்கச் சொன்னா, தன்ர சுமையை மற்றவன்ர தோளில வைக்க மாட்டாராம்."

"நீங்களாவது கேளுங்கோவன்," என்றேன்.

"நாப்பத்தைஞ்சு வருஷமா அவரோட இருக்கிறன். அவர் கேக்காததை நான் கேட்டா அந்த மனுசன் அதிலேயே செத்துப்போகும்."

ரோசம். யாழ்ப்பாணத்தாருக்கு மட்டும் உரிய சொத்து என்று நினைத்திருந்தேன்.

கடையின் கடைசி வாரம் வந்தது. வியாழக்கிழமை இரவு வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் இருந்து டாக்சியில் கொண்டுவந்து விட்டார்கள். ஒருவருக்கும் சொல்ல வேண்டாம், பார்க்க வந்து தொல்லை தருவார்கள் என்று அவர் உத்தரவு. ஆகவே அவர் வீட்டுக்கு வந்தது அந்த அம்மாவையும் என்னையும் தவிர ஊரில் எவருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை இருட்டின பிறகு என் அக்கா வடக்கே பீலெஃபெல்ட் நகரத்தில் இருந்து ஒரு வார லீவில் வந்து இறங்கினாள்.

அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் விருந்துக்குப் போன இடத்திலும் சும்மா இருக்க மாட்டாள். சனிக்கிழமை காலையில் நான் கீழே கோவாவைக் கிண்டிக்கொண்டு நின்றேன். அந்த வாரம் வாசலும் நடைபாதையும் கூட்டுவது என் முறை. இந்தப் பகுதியில் அந்த முறை தவறினால் கொலைக்குற்றம் மாதிரிப் பார்ப்பார்கள். "நீ சமையலைப் பார், நான் கூட்டுறன்," என்று அக்கா வெளியே போனாள். திரும்பி வந்து கை கழுவினாள், வெங்காயம் எடுத்தாள். எனக்கு நன்றியாக இருந்தது.

கடைசிச் சனிக்கிழமை என்பதால் இரண்டு மடங்கு சமைத்திருந்தோம். மலையின் வைன் கடைசிப் பீப்பாயில் இருந்தது. அந்த அம்மா அதை எடுத்து வைத்திருந்ததே இந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளுக்காகத்தான். மலையை ஊர் கடைசியாக ஒருமுறை குடிக்கட்டும் என்றார்.

பதினொரு மணிக்கு அக்கா போய்க் கேற்றைத் திறந்துவிட்டு வந்தாள். வழக்கமாகப் பத்து நிமிடத்தில் முதல் வாங்கு நிரம்பும். ஒருவரும் வரவில்லை. சமையலறை பின்வளவைப் பார்த்தபடி இருப்பதால் எங்களுக்குத் தெருவும் தெரியாது, கேற்றும் தெரியாது. மதியம் தாண்டியது. பருப்பு இறுகியது, தண்ணீர் விட்டு இளக்கினேன். மறுபடி இறுகியது. வீட்டுக்காரர் சமையலறை மூலையில் கதிரையில் சாய்ந்து, வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, ஒரு சின்னக் கத்தியால் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

"பார்த்தனிதானே," என்றார் மனைவியிடம். "ஊருக்கும் அலுத்துப்போச்சு. பிடுங்குறதுதான் சரி."

அந்த அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வெறும் வாங்கில் போய் உட்கார்ந்தார். எனக்கு ஊர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வாசனை தெரு முழுக்கப் போகிறது, கேற்று அகலத் திறந்திருக்கிறது, மூக்கில்லாத சனமா இது என்று அக்காவிடம் தமிழில் பொரிந்து தள்ளினேன்.

மாலை ஐந்து மணி இருக்கும். வளவில் காலடிச் சத்தம் கேட்டது. ஒருவர் இருவர் அல்ல, ஒரு கூட்டம். ஆனால் சாப்பிட வருகிறவர்களின் சத்தம் இல்லை. மெதுவாக, பேசாமல் வந்தார்கள். கதவைத் திறந்தவர் மலையில் பக்கத்துத் தோட்டக்காரர். இவருக்கும் வீட்டுக்காரருக்கும் மழைத்தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் விஷயத்தில் பல வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. கறுப்புக் கோட்டு. கையில் பின்னல் போட்டுச் சுட்ட பெரிய பாண், துணியால் மூடியபடி. அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் கைகளிலும் பாத்திரங்கள். சூப், அப்பிள் கேக், அவித்த இறைச்சி, ஒரு வாளி நிறைய உருளைக்கிழங்கு சலாட். எல்லோரும் கறுப்பில்.

அவர் பாணை வாங்கில் வைத்துவிட்டு அந்த அம்மாவின் கையைப் பிடித்தார். அனுதாபம் சொல்லும்போது சொல்கிற வார்த்தையைச் சொன்னார். முதியோர் இல்லத்தில் நான் அதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா. யார் செத்தது என்று அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா ஒன்றும் விளங்காமல் வாயைத் திறந்தபடி நின்றார். துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று வந்தவர் நினைத்திருக்க வேண்டும், விடாமல் தொடர்ந்தார்.

"நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. மத்தியானம் முழுக்க இருந்து கதைச்சு முடிச்சிட்டம். மலையில ஒரு கொடியும் பிடுங்கக் கூடாது. ஆளுக்கு ரெண்டு அடுக்கு எண்டு பிரிச்சுப்போட்டம். திங்கள் பின்னேரம் வெட்டத் துவங்குறம். உச்சி அடுக்கு என்ர பொறுப்பு. அவர் கட்டின மதில் ஒண்டும் சரிய விடமாட்டம்."

உச்சி அடுக்குத்தான் மலையிலேயே மோசமானது. நான் பாதியில் மதிலைப் பிடித்து நின்ற இடத்துக்கும் எவ்வளவோ மேலே.

அப்போது சமையலறைக் கதவில் வீட்டுக்காரர் நின்றார். ஒரு கையில் கத்தி, மறு கையில் பாதி உரித்த உருளைக்கிழங்கு. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. முகம் வெளுத்திருந்தது, கண் சிவந்திருந்தது. முன்னால் நின்ற ஒரு பெண் கையில் இருந்த சூப் பாத்திரத்தை நழுவ விட்டாள். அக்கா பாய்ந்து பிடித்தாள். அக்காவின் கை அப்படி.

"ஆர் செத்தது?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

பக்கத்துத் தோட்டக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீதான்," என்றார். "காலையில இருந்து விளக்குமாறு இல்லை."

பிறகுதான் முழுக்கதையும் வெளியே வந்தது. கடை திறக்கிற நாட்கள் முடிவதற்கு முன்னால் விளக்குமாற்றை இறக்கினால் அந்த வீட்டில் சாவு என்று இந்த ஊரில் அர்த்தமாம். அவர் ஆஸ்பத்திரியில் என்பதும் மலைக் கொடிகளைப் பிடுங்க ஏற்பாடு என்பதும் ஊருக்குத் தெரியும். காலையில் சாப்பிட வந்தவர்கள் எல்லோரும் கேற்றடி வரை வந்திருக்கிறார்கள். தூண் வெறுமையாக இருந்ததைக் கண்டு, சத்தம் போடாமல், தொப்பியைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள். வீட்டுக்குள் வந்து கேட்டவர் இல்லை, போன் அடித்தவர் இல்லை. துக்க வீட்டைத் தொல்லைப்படுத்தக் கூடாது. அவரவர் வீட்டுக்குப் போய் அடுப்பை மூட்டியிருக்கிறார்கள். நான் மூக்கில்லாத சனம் என்று ஏசிக்கொண்டிருந்த அந்த நேரம் முழுவதும் ஊர் எங்களுக்காகச் சமைத்துக்கொண்டிருந்தது.

எல்லோரும் வாசல் பக்கம் பார்ப்பதைக் கண்ட அக்கா என் கையைச் சுரண்டினாள். "என்னடி, ஏன் எல்லாரும் கேற்றைப் பாக்கினம்?"

"அக்கா, அங்க தொங்கின விளக்குமாறு எங்க?"

"அதோ? நான்தான் கழட்டினன். நல்ல நாள் பெருநாள் மாதிரிச் சனம் வாற இடத்தில ஆராவது வாசல்ல விளக்குமாத்தைத் தூக்குவினமோ? சீதேவி எப்பிடி உள்ள வரும்? ரிபனை அவிட்டு வைச்சிட்டு, அதாலேயே கூட்டிப்போட்டு, நிலவறைக் கதவுக்குப் பின்னால மறைவா வைச்சிருக்கிறன்."

இதை எப்படி மொழிபெயர்ப்பது. சொன்னேன். ஒரு சொல்லும் மறைக்காமல், செல்வம் தருகிற தெய்வம் விளக்குமாறு தொங்குகிற வாசலுக்குள் வரமாட்டாள் என்பது வரைக்கும் சொன்னேன். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்காவுக்கு விஷயம் விளங்கி முகம் கறுத்துக்கொண்டு வந்தது. அந்த அம்மாதான் முதலில் சிரித்தார். சிரிப்பு என்று தொடங்கியது பாதியில் அழுகையாகி, அழுதுகொண்டே அக்காவைக் கட்டிப்பிடித்தார்.

வீட்டுக்காரர் இன்னும் பக்கத்துத் தோட்டக்காரரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உச்சி அடுக்கை நீ வெட்டுவியோ?"

"செத்தவனுக்கு எண்டு சொன்னன்."

"உயிரோட இருக்கிறவனுக்கு?"

மற்றவர் தொப்பியைக் கையில் சுற்றினார். "அது கொஞ்சம் கஷ்டம்," என்றார். பிறகு வாங்கில் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டே, "வைனை ஊத்து, யோசிப்பம்," என்றார்.

அக்கா நிலவறைக்கு ஓடி விளக்குமாற்றை எடுத்து வந்தாள். ரிபன்களை மறுபடி கட்டி அவளே தூணில் தொங்கவிட்டாள். வீதியில் போனவர்கள் நின்று பார்த்து உள்ளே வரத் தொடங்கினார்கள். நாங்கள் சமைத்ததும் ஊர் சமைத்ததும் ஒரே மேசையில் பரவியது. துக்க வீட்டுக்கு வந்த சூப்பைச் செத்தவரே இரண்டு கோப்பை குடித்தார். மலையின் வைன் ஆளுக்கு ஆள் கைமாறியது. நான் ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் நாக்கில் வைத்திருந்தேன். முதலில் புளிப்பு, பிறகு வெயிலில் சுட்ட கல் மாதிரி ஒரு சூடு. இந்த மனிதர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பிரமித்துப்போய் இருந்தேன். பேசாமல் வந்து, பேசாமல் திரும்பி, ஒரு மலையையே பங்கு போட்டுத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அக்கா தனக்குத் திராட்சைச் சாறு போதும் என்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் என் கிளாஸ் காலியாக இருந்தது. மிச்சத்தை நான் குடிக்கவில்லை.

திங்கட்கிழமை பின்னேரம் எல்லோரும் வந்தார்கள். பிடுங்க இருந்தவர்களை வேண்டாம் என்று சொல்லியாயிற்று. வேலை முடித்து வந்தவர்கள் வேலை உடுப்போடே கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஏறினார்கள். நானும் அக்காவும் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் சமைத்து, ஆற்றங்கரையில் மடக்கு மேசை போட்டு வைத்திருந்தோம். வீட்டுக்காரரை ஏற விடவில்லை. அடிவாரத்தில் ஒரு கதிரையில், போர்வை சுற்றி இருத்தியிருந்தோம்.

சரிவு முழுக்கக் கத்தரிக்கோல் சத்தம். கீழ் அடுக்குகளில் இருந்து மேல் அடுக்குவரை ஆட்கள். எல்லோருக்கும் மேலே, வானத்தில் முட்டுகிற மாதிரி, ஒரு தனி உருவம் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் கன்னத்தால் வழிந்து போர்வையில் விழுந்தது, துடைக்கவில்லை.

பக்கத்தில் சோறு போட்டுக்கொண்டு நின்ற அக்காவிடம் அவர் ஏதோ சொன்னார். அவளுக்கு அந்த ஜெர்மன் விளங்காது. என்னைப் பார்த்தாள்.

"செத்திருந்தா இதைப் பார்த்திருக்க மாட்டன் எண்டு சொல்லுறார்," என்றேன்.

அக்கா தட்டில் இன்னும் ஒரு கரண்டி குழம்பை விட்டு, அவர் மடியில் வைத்தாள்.

"சாப்பிடச் சொல்லு," என்றாள். "ஆறுது."